ஏசி குளிரவில்லையா? கேஸை கடைசியில் பாருங்கள்

கத்திரி வெயில் தொடங்கியதும் சேலத்தில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான்: "ஏசி ஓடுது, குளிர் வரல. கேஸ் ஏத்திடுங்க." ஓட ஓடத் தீர்ந்துபோக கேஸ் பெட்ரோல் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை எடுக்குமுன் மொட்டை மாடிக்கு ஏறி, அவுட்டோர் என்ற வெளிப்பெட்டியைப் பாருங்கள்.

அம்மாப்பேட்டையில் தறி ஓடும் தெருக்களில் அதன் குழாய்ச்சுருளான காயிலின் பின்புறம் பஞ்சு போர்வை போல ஒட்டியிருக்கும். லாரி ஓடும் சாலையோர வீடுகளில் மண்தூசி அடைத்திருக்கும். அறையில் எடுத்த சூடு இந்தக் காயில் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். 40 டிகிரி வெயிலில் காற்றும் அடைபட்டால் அழுத்தம் ஏறும், கேஸை அழுத்தும் கம்ப்ரஸர் இழுக்கும் ஆம்பியர் ஏறும், ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். வெயில் படாமலிருக்க அவுட்டோரைச் சுற்றித் தகரம் அடிப்பவர்களும் இதே கேட்டைத்தான் செய்கிறார்கள். வெளியேறிய அனலையே அது திரும்ப இழுக்கும். மேலே மட்டும் நிழல் போதும். முன்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

கழுவும்போது எம்சிபியை (ஏசிக்கான மெயின் சுவிட்ச்) அணைத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். இன்வெர்ட்டர் ஏசியின் (கம்ப்ரஸர் வேகம் மாறி ஓடும் வகை) போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். போர்டையும் கெபாசிட்டரையும் பாலித்தீனால் மூடி, மேல்மூடியைக் கழற்றி உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். வெளியிலிருந்து அடித்தால் பஞ்சு இன்னும் உள்ளே புதையும். கார் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம், காயிலின் மெல்லிய தகடான ஃபின் மடிந்துவிடும். காயில் கொதிக்கும் மதியத்தை விட்டுக் காலையில் செய்யுங்கள்.

அடுத்தது கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர். இன்வெர்ட்டர் இல்லாத மெஷினில் கம்ப்ரஸர் "ம்ம்ம்" என்று முனகி நின்று, சூடு ஆறியதும் மறுபடி முயன்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். சார்ஜை இறக்கி, ஒயரைக் கழற்றி அளந்து பாருங்கள். 35 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் 33.25க்குக் கீழே போனதை மாற்றிவிடுங்கள். தலை உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம்.

இண்டோர் ஃபில்டரையும் கழுவி, கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி இருந்தால் கேஸில் கை வைக்கத் தேவையில்லை.

இல்லையென்றால் கசிவைத் தேடுங்கள். குழாயின் விரித்த வாயை (ஃப்ளேர்) இறுக்கிப் பிடிக்கும் ஃப்ளேர் நட்டில் எண்ணெய்க் கறை இருக்கிறதா பார்த்துச் சோப்பு நுரை தடவுங்கள். பெரும்பாலும் குழாயை அறுத்தபின் உள்விளிம்புப் பிசிறை எடுக்காமல் ஃப்ளேர் போட்டதே காரணம். பிசிறு எடுக்கும்போது குழாய் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், துகள் உள்ளே விழாது. ஸ்பேனரைத் தொங்கி இறுக்கினால் செம்பு நசுங்கி மறுபடி கசியும். காலங்குல நட்டுக்குச் சுமார் 16 நியூட்டன் மீட்டர் போதும்.

ஆர்32 என்ற ஏசி கேஸ் தீப்பிடிக்கக்கூடியது. உள்ளே கேஸ் இருக்கும்போது வெல்டிங் டார்ச்சைக் கொண்டுபோகவே கூடாது. கேஸை முழுதும் மீட்டெடுத்து, குழாயில் நைட்ரஜன் ஓட்டி, கசிந்த இடத்தை வெல்டிங் செய்து, நைட்ரஜனிலேயே அழுத்தம் நிற்கிறதா பாருங்கள். பிறகு உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி, மிச்ச அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே வரும்வரை வாக்கம் (வெற்றிடம்) செய்யுங்கள். பம்பை அடைத்தபின் அளவு ஏறாமல் நின்றால் நேம் பிளேட்டில் உள்ள கிராமை எடை மெஷினில் வைத்து ஏற்றுங்கள். ஊசியைப் பார்த்து ஏற்றும் பழக்கம் இன்வெர்ட்டரில் ஏமாற்றும். கம்ப்ரஸர் வேகம் மாற மாற அழுத்தமும் மாறும்.

ஏற்காட்டில் வேலை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு. வாக்கம் செய்யும்போது சாதாரண கேஜ் ஊசி 30 அங்குலத்தை (பாதரச அளவு) தொடாமல் 25 அருகிலேயே நின்றுவிடும். கசிவு என்று நினைத்து நல்ல ஜாயின்டைப் பிரிக்காதீர்கள்; மைக்ரான் கேஜை மாட்டிப் பாருங்கள்.