புளிப்பைக் குற்றம் சொல்லாதீர்கள்: அமிலத்தைச் சாப்பாட்டால் சரிசெய்யப் போய்ச் செய்யும் தவறுகள்

"உடம்பில அமிலம் ஏறிப்போச்சு" என்று பர்மாவின் யாங்கோன் நகர டீக்கடையில் ஒருவர் சொன்னால், எந்த அமிலம் என்று முதலில் கேட்க வேண்டும். சாப்பிட்ட பிறகு நெஞ்சு எரிந்து புளித்த ஏப்பம் வருகிறதா? அது இரைப்பை அமிலம் மேலேறுவது. கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் உயிர் போகிறதா? அது யூரிக் அமிலமாக இருக்கலாம். வலி ஒன்றுமில்லை, "இரத்தம் அமிலமாகிவிட்டது" என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்ட பயம்தானா? அது மூன்றாவது வகை, பெரும்பாலும் இல்லாத நோய். இந்த மூன்றுக்கும் சாப்பாட்டு முறை வேறு வேறு. ஒன்றுக்கான பத்தியத்தை இன்னொன்றுக்குப் பிடிப்பதால்தான் கீழே வரும் தவறுகளில் பாதி நடக்கிறது.

நம் மொழியும் கொஞ்சம் குழப்புகிறது. அமிலம் என்ற சொல்லே புளிப்பைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. காரம் என்றால் மிளகாயும் நினைவுக்கு வரும், சுண்ணாம்பும் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசுவது சுண்ணாம்பு வகைக் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. "கார உணவு சாப்பிடுங்கள்" என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு மிளகாய்த்தூளைக் கூட்டினால் யாரைக் குறை சொல்வது?

இரத்தத்தைத் திருத்தப் பார்ப்பது

அமிலமா காரமா என்று காட்டும் அளவு பிஎச்: எண் குறைந்தால் அமிலம், கூடினால் காரம். இரத்தத்தின் பிஎச் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கும். நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றியும், சிறுநீரகம் அமிலத்தைச் சிறுநீரில் கழித்தும் அதை அங்கேயே பிடித்து வைக்கின்றன. ஒரு தட்டு மொஹிங்காவோ (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) ஒரு குவளை எலுமிச்சைச் சாறோ அதை அசைக்காது. கட்டுப்படாத சர்க்கரையாலோ சிறுநீரகச் செயலிழப்பாலோ இரத்தம் உண்மையிலேயே அமிலமானால், அதைப் பார்க்க வேண்டிய இடம் மருத்துவமனை, அடுப்படி இல்லை.

உணவால் மாறுவது சிறுநீர். அது 4.5 முதல் 8 வரை ஏறி இறங்கும். காலையில் சோதனைத் தாளைச் சிறுநீரில் நனைத்து, நிறம் மாறியதும் "அமிலம் கூடிவிட்டது" என்று பதறுவது வீண். சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்பதைத்தான் அந்தத் தாள் காட்டுகிறது. பிஎச் 9 என்று அச்சிட்ட கார நீர்ப் பாட்டிலுக்கும் இதே கதிதான். இரைப்பையின் பிஎச் சுமார் 1.5 முதல் 3.5. அங்கே போய் விழுந்ததும் அந்தக் காரம் கரைந்துவிடும், காசும் கூடவே.

நாக்கில் புளிப்பதை அமில உணவு என்று ஒதுக்குவது

சிறுநீரகத்துக்கு எந்த உணவு எவ்வளவு அமிலச் சுமை தருகிறது என்று 1995-இல் ஜெர்மனியின் ரெமர், மான்ஸ் இருவரும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 100 கிராமுக்கு மில்லி ஈக்குவலன்ட் அளவில் கோழி 8.7, முட்டை 8.2, நிலக்கடலை 8.3, வெள்ளை அரிசி 4.6, பருப்பு 3.5. இவை அமிலப் பக்கம். தக்காளி கழித்தல் 3.1, உருளைக்கிழங்கு கழித்தல் 4, வாழைப்பழம் கழித்தல் 5.5, பசலை வகைக் கீரை கழித்தல் 14. எலுமிச்சைச் சாறும் கழித்தல் 2.5. அதாவது நாக்கைச் சுருக்கும் எலுமிச்சை காரப் பக்கம் நிற்கிறது, புளிக்கவே புளிக்காத சோறும் கோழியும் அமிலப் பக்கம் நிற்கின்றன. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட்டை உடல் எரித்து, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. இறைச்சியிலும் முட்டையிலும் உள்ள கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்களோ கந்தக அமிலமாக முடிகின்றன.

ஆகவே பொதுவான அமிலச் சுமையைக் குறைக்க விரும்புகிறவர், மொஹிங்காவில் பிழியும் கால் எலுமிச்சையையும் சின்பாங் என்கிற புளிச்சக்கீரையையும் தள்ளி வைக்க வேண்டியதில்லை. காயும் பழமும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பர்மா சந்தைக் கணக்கில் அது கால் வீசை. உருளைக்கிழங்கு இதில் சேராது. சோற்றுத் தட்டோடு வரும் பச்சைக் காய், அவித்த காய்த் தட்டு ஏற்கனவே நல்ல ஏற்பாடுதான். காயைப் பேருக்கு ரெண்டு கடித்துவிட்டு, தொட்டுக்கொள்ள வைத்த ஙாப்பியை (புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுது) வழித்து முடிப்பதுதான் தவறு. உப்பு முழுக்க அதில் இருக்கிறது.

நெஞ்செரிச்சல்காரருக்கு மட்டும் ஒரு விலக்கு. உணவுக்குழாய் ஏற்கனவே புண்ணாக இருந்தால் எலுமிச்சை, தக்காளி, புளி படும்போது எரியும். அமிலம் கூடியதால் இல்லை, புண்ணில் பட்டதால். புண் ஆறும்வரை ஒதுக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எரியாததை வாழ்நாள் முழுக்க விட வேண்டாம்.

புளியை விட்டுவிட்டு எண்ணெயைத் தொடர்வது

இதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. "புளி சேர்க்கிறதே இல்லை, மிளகாயும் குறைச்சாச்சு, ஆனாலும் எரியுது" என்பார்கள். சட்டியைப் பார்த்தால் குழம்பின் மேல் ஒரு விரல் எண்ணெய் நிற்கும்.

பர்மியக் கறியில் நீர் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வேகவிடுவார்கள். ஸீப்யன் என்பார்கள். அரை வீசை கோழிக்கு (சுமார் 800 கிராம்) பத்து டிக்கல் எண்ணெய் ஊற்றும் வீடுகள் உண்டு. பத்து டிக்கல் என்பது 163 கிராம். ஆறு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரே கறியில். கொழுப்பு இரைப்பையில் அதிக நேரம் தங்கும். உணவுக்குழாயின் அடியில் வாயைச் சுருக்கி மூடும் தசையையும் தளர்த்தும். மேலே எரிவதற்கு இந்த இரண்டும் போதும்.

அரை வீசைக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் போதுமானது. வெங்காயம், பூண்டு, இஞ்சி அரைத்த விழுதை மூடி போட்டு சிறு தீயில் வதக்கி, அடிபிடிக்கத் தொடங்கும்போதெல்லாம் ஒரு கரண்டி வெந்நீர் விடுங்கள். பச்சை வாசனை போய் விழுது செம்பழுப்பாகிப் பளபளத்தால் பக்குவம் வந்துவிட்டது. இங்கே அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் பூண்டு கருகிக் கசக்கும். அந்தக் கசப்பை மறைக்கத்தான் பலர் மேலும் எண்ணெய் ஊற்றுகிறார்கள். கறி வெந்ததும் இறக்கி கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சட்டியை ஒரு பக்கம் சாய்த்து, தேங்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்தெடுங்கள். கடையில் வாங்கிய கறியானால் மேலாகச் சோற்றில் ஊற்றாமல், அடியிலிருந்து துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொஹிங்காவில் மேலே உடைத்துப் போடும் எண்ணெயில் பொரித்த பலகாரங்களுக்கும் இதே கணக்கு. குழம்பில் இருக்கும் வாழைத்தண்டும் மீனும் எதுவும் செய்யவில்லை. லப்பெட் என்கிற ஊறவைத்த தேயிலைக் கலவையில் பொரித்த பருப்பு, எண்ணெய், பச்சைப் பூண்டு, தேயிலையின் காஃபின் எல்லாம் ஒரே கிண்ணத்தில் கூடியிருக்கின்றன. இரவில் வேண்டாம்.

பால், ஆப்ப சோடா, வெற்றிலை

எரிந்ததும் பால் குடித்தால் சில நிமிடம் அடங்கும். பிறகு பாலின் புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டும்.

ஆப்ப சோடா அமிலத்தை உடனே முறிக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் அரைத் தேக்கரண்டியில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் வரம்பு 2,000. ஙாப்பியும் கருவாடும் சாப்பிடும் வீட்டில் அந்த வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே யாரும் குடிக்கக் கூடாது. கிளம்பும் வாயு நிறைந்த இரைப்பையை மேலும் உப்ப வைக்கும்.

வெற்றிலை போட்டால் செரிக்கும், சுண்ணாம்பு அமிலத்தை அடக்கும் என்று குன்யாவை (பர்மியர் போடும் வெற்றிலைப் பாக்குச் சுருள்) மருந்தாக்கியவர்கள் பலர். சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. நாள் முழுக்க மென்று, பால் டீயும் குடித்து, கால்சியம் கலந்த அமிலமுறிவு மாத்திரையும் விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, இரத்தம் காரப் பக்கம் சாய்ந்து, சிறுநீரகம் பழுதாகலாம். சிப்பிச் சுண்ணாம்போடு பாக்கு மெல்பவர்களிடம் இதைத் தைவான் மருத்துவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் சேர்ந்து வந்தால் உடனே இரத்தப் பரிசோதனை. பாக்கு புற்றுநோய் உண்டாக்குவது தனி. புகையிலை சேர்க்காவிட்டாலும் உண்டாக்கும்.

என்ன சாப்பிட்டோம் என்பதை மட்டும் பார்ப்பது

எப்போது, எப்படி என்பதும் அதே அளவு முக்கியம். கரண்ட் வரும் நேரம் பார்த்து உலை வைக்கும் வீடுகளில் இராச்சாப்பாடு பத்து மணிக்குப் போய்விடுகிறது, பத்தரைக்குப் பாய். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். முடியாத நாளில் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றி, இரவில் கஞ்சியோ பாதி வயிறோ போதும் என்று நிறுத்துங்கள்.

தலையணையை மூன்றாக அடுக்குவதும் தவறு. இடுப்பில் மடங்கி வயிறு நசுங்கும், அமிலம் இன்னும் மேலே வரும். கட்டிலானால் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. கட்டை வையுங்கள். பாயில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக உயரும்படி கெட்டியான மெத்தைத் துண்டை வைக்கலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது கூடுதல் நன்மை. சாப்பிட உட்காரும் முன் கைலி முடிச்சையும் பாருங்கள். காலையில் இறுக்கிய முடிச்சு, நிறைந்த வயிற்றைச் சுற்றிப் போட்ட கயிறு மாதிரி. அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

யூரிக் அமிலத்துக்குப் பருப்பை நிறுத்துவது

ஈரல், குடல், நெத்திலிக் கருவாடு, யாங்கோன் 19ஆம் தெருப் பக்கம் சுட்ட இறைச்சியோடு போகும் பீர்: யூரிக் அமிலத்தை ஏற்றுபவை இவை. பருப்பிலும் கீரையிலும் உள்ள பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) மூட்டு வீக்க ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. சாம்பாரை நிறுத்திவிட்டு பீரைத் தொடர்பவர்கள் தலைகீழாகப் பத்தியம் இருக்கிறார்கள்.

சிறுநீரக நோயோடு கார உணவு

இளநீர், வாழைப்பழம், தக்காளி, கீரை எல்லாம் காரப் பக்கம்தான். ஆனால் பொட்டாசியம் மிகுந்தவை. சிறுநீரகம் குன்றியவர்கள், ஸ்பைரோனோலாக்டோன் போல உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இவற்றைத் திடீரென்று கூட்டினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். மருத்துவரிடம் அளவு கேட்ட பிறகே தொடங்க வேண்டும். காயைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் கொஞ்சம் குறையும்.

மாத்திரையைக் கண்ட நேரத்தில் விழுங்குவது

இரைப்பை அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரையைப் போட வேண்டியது சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால். எரிந்த பிறகு போட்டால் பாதி வீண். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போட்டுக்கொண்டு, வயிற்றெரிச்சலுக்குப் பத்தியம் தேடுவதில் பயனில்லை. அந்த மாத்திரைகளே இரைப்பையில் புண் உண்டாக்கும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியாலும் புண் வரும். 1982-இல் மார்ஷலும் வாரனும் கண்டுபிடித்த கிருமி, 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. உணவு மாற்றம் அதைக் கொல்லாது, மருந்துதான் கொல்லும்.

தார் போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்கும்போது சோறு அடைத்தல், காரணமின்றி எடை குறைதல் இருந்தால் எண்டோஸ்கோப்பி (குழாய் விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை) தேவைப்படும். நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தி, இடக் கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம்; அதை வாயு என்று நினைத்து சோடா கலக்கிக் கொண்டிருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் குமட்டலும் மட்டும் வரலாம். உட்கார வைத்து, நடக்க விடாமல், வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.