மாநகராட்சி நட்ட கன்றை இரண்டு கோடை தாண்ட வைப்பது எப்படி?

சென்னையில் மரம் நட ஏற்ற நாள் ஜூன் 5 இல்லை. சுற்றுச்சூழல் தினத்துக்கு நடும் கன்று, வெயில் இன்னும் தணியாத மண்ணில் இறங்குகிறது. கோவை, தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கைகொடுக்கும். சென்னைக்கும் கிழக்குக் கடலோர மாவட்டங்களுக்கும் வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் நடுவில் நட்டால் வேர் பிடிக்க டிசம்பர் வரை நேரம் கிடைக்கும்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவது அதன் இலக்கு. கன்றுக்கும் குழிக்கும் அரசிடம் வழி இருக்கிறது. நட்ட பிறகு தண்ணீர் ஊற்றத்தான் தெருவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: முதலில் கேளுங்கள்

நடைபாதை மாநகராட்சியின் இடம். மண்டல அலுவலகத்தில் பூங்காத் துறையில் மனு கொடுங்கள், இல்லையென்றால் 1913-இல் சொல்லுங்கள். அப்படியே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: இந்தத் தெருவில் மழைநீர் வடிகால் வேலை வருகிறதா? வருகிறதென்றால் அடுத்த வருடம் நடலாம். நட்ட ஆறாம் மாதம் ஜேசிபி வந்தால் உங்கள் கன்றைச் சுற்றிக்கொண்டு போகாது.

படி 2: இடத்துக்கு ஏற்ற மரம்

மேலே மின்கம்பி போகிறதா, கீழே குடிநீர்க் குழாயும் கேபிளும் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கம்பிக்குக் கீழே சரக்கொன்றை, மந்தாரை மாதிரி சிறு மரங்கள். அகலமான தெருவில் வேம்பு, புங்கன், மகிழம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போல உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் புன்னையும் பூவரசும் நன்றாகத் தாங்கும். நாவல் அருமையான மரம்தான், ஆனால் அடியில் கார் நிறுத்துபவர் பழக்கறையைப் பார்த்துவிட்டு உங்களிடம்தான் சண்டைக்கு வருவார். அரசும் ஆலும் சுவர் பக்கமே வேண்டாம்.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது சாலையோரத்தில் ஏராளமாகச் சாய்ந்தவை குல்மொஹரும் இயல்வாகையும். வேகமாக வளர்கிறது, பூ அழகு என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு அலங்கார மரக்கன்றை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். குஜராத் 2023-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

தெருவுக்கு ஐந்தாறு அடி உயரக் கன்றாகப் பாருங்கள். ஒரு அடிக் கன்றை ஆடு ஒரே வாயில் முடித்துவிடும்.

படி 3: குழி

அகலமும் ஆழமும் இரண்டடி. மண் இறுகிக் கிடந்தால் மூன்றடி. நடைபாதையில் கடப்பாரை போட்டால் மண்ணைவிடச் செங்கல்லும் கான்கிரீட் துண்டும்தான் அதிகம் வரும். அவற்றைத் திரும்பக் குழிக்குள் தள்ளாதீர்கள். நல்ல மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு. கரையான் தொல்லை இருந்தால் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணம் கூடவே கூடாது, வேர் வெந்துபோகும்.

படி 4: நடுவது

பையைப் பிளேடால் நெடுக்காகக் கிழித்து, மண்கட்டி உடையாமல் கன்றை எடுங்கள். பைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றி வளர்ந்த வேர் இருந்தால் மூன்று நான்கு இடத்தில் கீறிவிடுங்கள். விட்டுவிட்டால் நிலத்திலும் அதே வட்டத்தில்தான் சுற்றும், பெரிய காற்றுக்கு மரம் நிற்காது. தண்டும் வேரும் சேரும் கழுத்து தரைமட்டத்தில் இருக்க வேண்டும், புதையக் கூடாது.

ஏற்கெனவே ஒப்பந்ததாரர் ஆட்கள் நட்டுவிட்டுப் போன கன்றா? கழுத்தருகே விரலால் மண்ணைக் கிளறுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பு தட்டுப்பட்டால் பையோடு புதைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவசரத்தில் இது நடக்கிறது. நட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தால் கன்றை மெதுவாக எடுத்துப் பையை உரித்து மறுபடி நடலாம். மாதங்கள் ஓடியிருந்தால் அசைக்காதீர்கள். கைக்கு எட்டும் வரை பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்தால் போதும்.

பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, தேங்காய் நார்க் கயிற்றால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி வேண்டாம்.

படி 5: தண்ணீர்

தை பிறந்ததும் உங்கள் வேலை ஆரம்பம். கன்றைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குப் பாத்தி கட்டி, வாரத்துக்கு இரண்டு முறை ஒரு குடம். கத்திரி வெயிலில் ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது புண்ணியம் என்று நினைக்கிறோம். அது மேல்மண்ணோடு நின்றுவிடும், வேரும் தண்ணீர் தேடிக் கீழே இறங்காமல் மேலேயே கிடக்கும்.

நேரமில்லாதவர்களுக்கு ஒரு வழி: பழைய 20 லிட்டர் தண்ணீர் கேன். அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, நிரப்பிக் கன்றின் பக்கத்தில் வைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். மூடியை லேசாகத் தளர்த்திவிட்டு, வாயில் கொசு புகாதபடி துணி கட்டுங்கள். இல்லையென்றால் டெங்கு ஆய்வுக்கு வருபவர் கேனைக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். ஏசியிலிருந்து சொட்டுவதும் நல்ல தண்ணீரே. வாஷிங் மெஷின் தண்ணீர் வேண்டாம். ஆர்ஓ கழிவுநீரில் உப்பு ஏறியிருக்கும், அதுவும் வேண்டாம்.

பாத்திக்குள் காய்ந்த இலையை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். குப்பை என்று துப்புரவுப் பணியாளர் வாரிக்கொண்டு போகலாம். அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பெருக்கும் இலையை அவரே கொண்டுவந்து போடுவார்.

படி 6: இலை உதிர்ந்தால்

உடனே பிடுங்கிவிடாதீர்கள். நுனிக் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் கீழே கீழே சுரண்டிப் பாருங்கள். அடித்தண்டில் பச்சை இருந்தாலும் வேம்பும் புங்கனும் தண்ணீர் கண்டால் துளிர்க்கும். பச்சை வரும் இடம் வரை காய்ந்ததை வெட்டிவிட்டு மூன்று வாரம் பொறுங்கள்.

படி 7: இரண்டாம் வருடத்துக்கு அப்புறம்

கன்றைச் சுற்றி வைக்கும் இரும்புக் கூண்டு அதைக் காப்பதற்குத்தான். ஆனால் தண்டு தடித்து இரும்புக்கம்பி பட்டைக்குள் பதிந்துவிட்டால் அதுவே எமன். தண்டுக்கும் கூண்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி குறையும்போது பூங்காத் துறையிடம் சொல்லிக் கழற்றச் சொல்லுங்கள். பழைய கயிற்றையும் அறுத்துவிடுங்கள். நடைபாதைக்குப் பேவர் கல் பதிக்க வந்தால் அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விடச் சொல்லி அங்கேயே நில்லுங்கள். ஆட்கள் போன பிறகு புகார் கொடுத்தால் கல்லைப் பெயர்ப்பதற்குள் ஒரு கோடை போய்விடும்.

உண்மையிலேயே பட்டுப்போன கன்றென்றால் ஆகஸ்டிலேயே தகவல் கொடுங்கள். செப்டம்பரில் குழியைத் திறந்துவைத்தால் அக்டோபர் மழைக்கு அதே இடத்தில் புதுக்கன்று நடலாம்.