மஞ்சளித்த எக்சோரா மீண்டது – என் அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் வளவின் மதிலோரம் வேலியாக நட்ட எக்சோராவிலும் முற்றத்துப் பூச்சாடிகளிலும் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. முதிர்ந்த இலைகளுக்கு ஒன்றுமில்லை. இது இரும்புச்சத்துக் குறைபாட்டின் தெளிவான அடையாளம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பும் மதிற் சீமெந்தும் மண்ணைக் காரமாக்கிவிட, அமில மண்ணை விரும்பும் இச்செடியின் வேர்களால் மண்ணிலுள்ள இரும்பை உறிஞ்ச முடியவில்லை.

சாடி மண்ணை மாற்றி, தும்புத்தூளும் உக்கிய இலையெருவும் தாராளமாகக் கலந்து, மாரியில் பீப்பாயில் சேர்த்த மழைநீரையே ஊற்றினேன். இரும்புச் சல்பேற்றை மிக ஐதாகக் கரைத்து மாலையில் தளிர்களில் தெளித்தேன். அதன்பின் வந்த தளிர்கள் பச்சையாகவே விரிந்தன. வேலியின் அடியில் சருகை மூடாக்காகப் பரப்பியிருக்கிறேன். மதிலை ஒட்டிய செடிகள்தாம் இன்னும் முழுதாகத் தேறவில்லை. பூங்கொத்துகள் கிளை நுனிகளில் வருவதால், ஒரு பூப்பு முடிந்ததும் மட்டுமே வேலியைக் கத்தரிக்கிறேன்.