மொழிப்போர்க்காரரின் குரலைப் பதிவு செய்ய

இந்தித் திணிப்பை எதிர்த்த 1965 மொழிப்போரில் மாணவராக நின்றவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. தள்ளிப்போடாதீர்கள்.

காலைப் பலகாரத்துக்குப் பிறகு, ஓர் அமர்வுக்கு 45 நிமிடம் போதும். களைத்தால் ஆண்டுகள் குழம்பும். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல்தான் பல பதிவுகளைக் கெடுக்கிறது. ஃப்ளைட் மோடில் போட்ட போனை அவரிடமிருந்து இரண்டு சாண் தள்ளி, மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேஜை என்றால் விரல் தட்டுவதும் ஏறிவிடும்.

"ஏன் போராடினீர்கள்?" என்று கேட்டால் மேடைப்பேச்சுதான் வரும். "ஊர்வலத் தட்டிகளை எழுதியது யார்? பசை எதில் காய்ச்சினீர்கள்?" என்று கேளுங்கள், மாவு வாசனையோடு ஊர்வலமே எழுந்து வரும். பாடத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். அடி மறந்தாலும் எடுத்துக்கொடுக்க வேண்டாம், அந்தத் தேடலும் பதிவாகட்டும். அவருடைய காதலைப் பற்றிய கேள்விகளைக் கடைசி அமர்வுக்கு வையுங்கள், வீட்டார் அருகில் இல்லாத நேரமாக. பழைய கடிதங்களை வாங்கிப் போகாமல், அங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுங்கள். அன்றிரவே இரண்டு இடங்களில் நகல்.