குஞ்சைக் காக்கும் ஊசி தாய்க்கோழிக்கே முதலில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) வளர்ப்போர் பலர், குஞ்சு பொரித்த பிறகே தடுப்பூசியைப் பற்றி நினைக்கின்றனர். ஆனால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் குஞ்சைக் காப்பது, தாயின் இரத்தத்திலிருந்து மஞ்சள் கருவுக்குள் இறங்கி, பொரிக்கும் நாள்களில் குஞ்சின் உடலில் சேர்கின்ற எதிர்ப்புப் புரதமே ஆகும். தாயிடம் இல்லாததை முட்டை கொடுக்காது. ஆகவே முட்டைக்கென ஒதுக்கும் பெட்டைகளுக்கு, அவை முட்டையிடத் தொடங்குவதற்கு முன்பே தடுப்பூசிகளை முடித்துவிட வேண்டும்.

இவ்வாறு தாய்வழிக் காப்பு தேவைப்படும் நோய்களுள் கம்போரோ முதன்மையானது. அதன் வைரஸ், குஞ்சின் எச்சத்துவாரத்திற்கு மேலுள்ள பர்சா என்னும் உறுப்பை அழிப்பதால், பிழைத்த குஞ்சுக்கும் பின்னர் போடும் வேறு தடுப்பூசிகள் சரியாகப் பிடிப்பதில்லை. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் நியூகாசல் நோய்க்கும் தாயின் காப்பு பயன்படும்.

இவ்விரண்டுக்கும் முறை ஒன்றே. வளரும் பருவத்தில் உயிருள்ள தடுப்பு மருந்தைக் குடிநீரிலோ கண்சொட்டாகவோ கொடுத்துவிட்டு, குறைந்தது 4 வாரங்கள் கழித்து, 16 முதல் 18 வார வயதில் எண்ணெய் கலந்த செயலிழந்த (வைரஸ் கொல்லப்பட்ட) மருந்தை ஊசியாகப் போட வேண்டும். முன்னது உடலுக்கு நோயை அறிமுகப்படுத்துகிறது; பின்னதே முட்டைக்காலம் முழுவதற்கும் வேண்டிய உயர்ந்த எதிர்ப்புச் சக்தியை எழுப்புகிறது. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் போடுவதால் பயன் குறைவு.

குஞ்சுகளுக்குத் தலைநடுக்கமும் கால் தளர்ச்சியும் தரும் மூளை அழற்சி நோயின் மருந்தில்தான் மிகுந்த கவனம் தேவை. அதனை 10 முதல் 15 வார வயதிற்குள், முதல் முட்டைக்குக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன் கொடுத்துவிட வேண்டும். அது உயிருள்ள வைரஸ் என்பதால், முட்டையிடும் கோழிக்குத் தொற்றினால் முட்டை குறைவதோடு, வைரஸ் முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்ச் சேரும். லயத்து வீட்டுக் கொல்லைகளில் இளசும் முதிர்ந்ததும் ஒன்றாகவே மேய்வதால், முட்டையிடும் கோழி ஒன்றேனும் உடனிருந்தால் இம்மருந்தைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். ஈப்போவிலிருந்து வாங்கி வருவதானாலும் ஐஸ் பெட்டி அவசியம். எண்ணெய் மருந்து உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஊசி போடுவதற்கு முன் அதை வெளியில் வைத்துக் குளிர் நீங்கச் செய்து, நன்றாகக் குலுக்கவும். பெரும்பாலான மருந்துகளுக்கு ஒரு கோழிக்கு அரை மில்லிலீட்டர் அளவு. சிட்டையில் உள்ளதைப் பின்பற்றவும். கழுத்தின் பின்புறத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசிமுனை தலையை நோக்காமல் உடலை நோக்கியிருக்கத் தோலுக்கடியில் செலுத்த வேண்டும். எண்ணெய் மருந்து தவறிக் கைவிரலில் ஏறினால், வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்று மருந்தின் சிட்டையைக் காட்ட வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

குடிநீரில் கொடுக்கும் நாளில் குளோரின் கலந்த குழாய்நீர் மருந்தைக் கொன்றுவிடும். லீட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவை முதலில் கலந்து, பிறகே மருந்தைச் சேர்த்து, வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு மணி நேரத்திற்குள் குடித்து முடிக்கச் செய்யவும். நோயுற்ற கோழிக்கு எந்தத் தடுப்பூசியும் வேண்டாம். அட்டவணையைக் கோலகங்சார் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

ஊசி போட்டு இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் கிடைக்கும் முட்டைகளையே அடைக்கு வைக்கவும். அக்குஞ்சுகளுக்குக் கம்போரோ மருந்தை மிக முன்னதாகக் கொடுத்தால் தாயின் காப்பே அதை முறித்துவிடும் என்பதால், பொதுவாக இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் கொடுப்பது வழக்கம். கால் முடக்கமும் கட்டிகளும் தரும் மாரெக் நோய்க்கு மட்டும் தாய்க்குப் போட்ட ஊசியை நம்பியிராமல், பொரித்த அன்றே குஞ்சுக்குத் தடுப்பூசி போட வேண்டும்.