8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போதுமா?

1080பி திரைத் தெளிவில் விளையாட கார்டில் 8 ஜிபி மெமரி இன்று குறைந்தபட்சம். 1440பி என்றால் 12, 4கே-யும் ரே டிரேசிங்கும் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடுவது) வேண்டுமென்றால் 16 பாருங்கள்.

மெமரி நிரம்பினால் கேம் பெரும்பாலும் நின்றுவிடாது, வம்பே அதுதான். இடமில்லாத டெக்ஸ்ச்சர்கள் (சுவர், தரை போன்றவற்றின் மேற்பரப்புப் படங்கள்) கம்ப்யூட்டரின் ராமுக்குப் போய், கார்டை போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) வழியாக வந்துபோகும். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டின் சொந்த மெமரி வேகம் நொடிக்கு 288 ஜிபி. அதன் 8 லேன்கள் (தரவுப் பாதைகள்) பழைய பிசிஐஇ 3.0 போர்டில் தருவதோ சுமார் 8 ஜிபிதான். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) நன்றாகத் தெரியும். ஆனால் கேமராவைத் திருப்பினால் படம் திக்கும், சுவர்கள் மங்கலாகவே நிற்கும்.

சோதிக்க, கேம் ஓடும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) என்பதைத் திறங்கள். டெடிகேட்டட் மெமரி (கார்டின் சொந்தம்) விளிம்பைத் தொட்டு, ஷேர்டு மெமரியும் (ராமில் வாங்கும் கடன்) ஏறிக்கொண்டே போனால் பற்றவில்லை என்று பொருள். டெடிகேட்டட் மட்டும் நிறைந்திருந்தால் பதற வேண்டாம். இடம் கிடைத்தால் துண்டு போட்டு வைக்கும் கேம்கள் நிறைய.

முதலில் டெக்ஸ்ச்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கி, கேமை மூடித் திறங்கள். 1080பி-யில் வித்தியாசம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. இடையிடையே படங்களை உருவாக்கிச் சேர்க்கும் ஃப்ரேம் ஜெனரேஷனும் தனியாக மெமரி தின்னும். 8 ஜிபி கார்டில் அதை அணைத்துப் பாருங்கள். பின்னால் திறந்துகிடக்கும் பிரவுசரையும் மூடுங்கள்.

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் ஒரே பெயரில் 8, 16 ஜிபி என வருகின்றன. பெட்டியில் எண்ணைப் பார்த்தபிறகு பணம் கொடுங்கள்.