குட்டியைச் சேர்க்காத தாய் ஆட்டுக்கு

தலையீத்து, அதாவது முதல்முறை ஈன்ற செம்மறியும், இரட்டைக் குட்டி போட்ட ஆடும் சில நேரம் குட்டியை முட்டித் தள்ளும். அடிக்காதீர்கள், மிரண்டால் இன்னும் மோசம். முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, கல்லு போல இருந்தால் மடிநோயாக இருக்கலாம். வலியில்தான் உதைக்கிறது, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மடி நன்றாக இருந்தால் காம்பை இரண்டு பீச்சு பீச்சி, நுனியில் அடைத்திருக்கும் மெழுகு போன்றதை எடுத்துவிடுங்கள்.

செம்மறி தன் குட்டியை வாசனையால்தான் அடையாளம் காணும். அதனால் ஈன்றவுடன் குட்டியின் மூக்கையும் வாயையும் மட்டும் சுத்தம் செய்துவிட்டு, மேல் ஈரத்தைத் தாயே நக்க விடுங்கள். துணியால் துடைத்துவிட்டது பலர் வீட்டில் நடக்கிற தவறு. ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? தாயின் பாலையே பீச்சி குட்டியின் தலையிலும் வாலடியிலும் தடவுங்கள். குட்டி பால் குடிக்கும்போது தாய் மோந்து பார்ப்பது வாலடியைத்தான்.

அப்புறம் இரண்டையும் மந்தையிலிருந்து பிரித்து, 5 அடிக்கு 5 அடி தடுப்புக்குள் விடுங்கள். தாயைச் சுவரோரம் அணைத்துப் பிடித்து, நாளுக்கு ஐந்தாறு முறை ஊட்ட விடுங்கள். குட்டியின் வால் வேகமாக ஆடினால் பால் இறங்குகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சேர்த்துக்கொள்ளும்.

அதற்காகச் சீம்பால் தள்ளிப்போகக் கூடாது. முதல் 2 மணி நேரத்துக்குள், குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதம் கொடுங்கள். வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்று இருக்கிற குட்டிக்கு மட்டும் முதலில் சூடு காட்டிவிட்டுப் புகட்டுங்கள்.